பதில்: படத்தின் மேல்பகுதி மட்டும் தெரிகிறது, கீழே சாம்பல் நிறம்

வணக்கம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சேமித்த 200 கேபி ஜேபெக் படம் திரும்ப எடுக்கும்போது பாதியில் நிற்பதாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பிஎச்பி நிரலைச் சந்தேகப்பட வேண்டாம். படத்தை வைக்கும் நெடுவரிசையை 'ப்ளாப்' (படம் போன்ற பைனரி தரவுக்கான வகை) என்று வைத்திருக்கிறீர்கள். அது 65,535 பைட்டுக்கு மேல் கொள்ளாது. ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத தரவை ஏற்காமல் பிழை காட்டும் அமைப்பு) அணைந்திருந்தால், மைஎஸ்க்யூஎல் மிச்சத்தை வெட்டிவிட்டு, வெறும் எச்சரிக்கையோடு சேமித்துவிடும். அதனால்தான் பிழைச்செய்தியே வரவில்லை.

சேமித்த தரவு எத்தனை பைட் என்று சொல்லும் 'லெங்த்' சார்பை அந்த நெடுவரிசைக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக 65535 என்று வரும் வரிசைகளெல்லாம் வெட்டுப்பட்டவை. நெடுவரிசையை 'மீடியம்ப்ளாப்' ஆக்குங்கள், 16 எம்பி வரை தாங்கும். ஸ்ட்ரிக்ட் மோடையும் கட்டாயம் போட்டுவிடுங்கள். இனி அளவு மீறினால் பிழை காட்டி நிறுத்தும். பெரிய கோப்பு என்றால் 'மேக்ஸ் அலவ்டு பாக்கெட்' (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச வரம்பு) அளவையும் கூட்ட வேண்டும்.

வகையை மாற்றினாலும் பழைய படங்கள் மீளாது. மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், அவற்றைத் திரும்ப ஏற்றத்தான் வேண்டும்.