நூறு டர்ன் ஆகியும் மூன்றே கிரகங்களா?

வாசகர் கேள்வி - பதில்

சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோபுரோஸ் 1996-ல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2' பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கிரகங்களில் குடியேறி, ஆராய்ச்சி செய்து, மற்ற இனங்களோடு பேசியோ மோதியோ விண்மீன் மண்டலத்தைப் பிடிக்கும் விளையாட்டு இது. 'டர்ன்' பொத்தானை நீங்கள் அழுத்தும்வரை எதுவும் நகராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். கீழே வரும் கணக்குகள், தனிச் சிறப்பு எதுவும் இல்லாத ஓர் இனம், நடுத்தர அளவுத் தாய்க்கிரகம், ஆட்டம் தொடங்கும் நிலைகளில் 'ஆவரேஜ்' என்று வைத்துப் போட்டவை.

கேள்வி: நூறு டர்ன் தாண்டிவிட்டேன். என்னிடம் மூன்று கிரகங்கள்தான். கணினி ஆடும் இனங்களோ பத்துக்கு மேல் வைத்திருக்கின்றன. முதல் டர்னிலிருந்தே குடியேற்றக் கப்பல்தான் கட்டுகிறேன், வேறு எதிலும் வீணாக்கவில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு அந்தக் கப்பலிலேயே இருக்கிறது. உங்கள் தாய்க்கிரகத்தில் தொடக்கத்தில் 8 பேர். ஆளுக்கு 1 உணவு வேண்டும். ஒரு விவசாயி 2 உணவு விளைவிப்பார். ஆக 4 பேர் வயலில் நின்றே தீரவேண்டும். மீதி 4 பேரையும் தொழிலாளர் ஆக்கினால் ஆளுக்கு 3 என்று 12 புள்ளி உற்பத்தி வரும். அதில் 3 புள்ளி மாசு நீக்கவே போய்விடும் (அந்தக் கணக்கு அடுத்த பதிலில்). கையில் நிற்பது 9. குடியேற்றக் கப்பலின் விலை 500. வகுத்துப் பாருங்கள், 56 டர்ன். இடையில் மக்கள்தொகை கொஞ்சம் கூடும் என்றாலும் நூறு டர்னில் இரண்டு கப்பல் முடிப்பதே பெரும்பாடு. தாய்க்கிரகம் ஒன்று, தொடக்கத்தில் இலவசமாக வந்த கப்பலில் ஒன்று, நீங்கள் கட்டியதில் ஒன்று. மூன்று கிரகக் கணக்கு சரியாக வந்துவிட்டதல்லவா?

இப்படி ஆடிப் பாருங்கள். இலவசமாகக் கிடைத்த கப்பலை ரொம்பத் தேடாமல் பக்கத்தில் கிடைக்கும் நல்ல கிரகத்தில் இறக்கிவிடுங்கள். தாய்க்கிரகத்தில் வயலுக்குத் தேவையான 4 பேர் போக மீதிப்பேர் அத்தனை பேரையும் விஞ்ஞானிகளாக்குங்கள். கட்டுமானத் துறையில் முதல் படி 80 ஆராய்ச்சிப் புள்ளி, அடுத்த படி 150. அந்த இரண்டாவது படியில்தான் தானியங்கித் தொழிற்சாலை இருக்கிறது. 4 விஞ்ஞானிகள் டர்னுக்கு 12 புள்ளி கொடுத்தால் ஏறக்குறைய 20 டர்னில் கைக்கு வரும். அதுவரை எதுவும் கட்டப்படாமல் கிடப்பதைப் பார்க்க மனம் பதறும், பதறாமல் இருங்கள். தொழில்நுட்பம் கிடைத்த அதே டர்னில் விஞ்ஞானிகளை இழுத்துத் தொழிலாளர் வரிசையில் விடுங்கள். தொழிற்சாலை விலை 60 மட்டுமே. அது எழுந்ததும் ஒவ்வொரு தொழிலாளரும் 3-க்குப் பதில் 4 தருவார். கட்டடமே தனியாக 5 தரும். அதே நான்கு பேர், 12 இருந்த இடத்தில் 21.

பிறகும் உடனே 500 புள்ளிக் கப்பலுக்குப் போகாதீர்கள். உங்கள் சூரியனையே சுற்றும் வேறு கிரகம் இருந்தால் 'காலனி பேஸ்' போதும், 200 புள்ளிதான். தொலைவில் உள்ள நட்சத்திரங்களுக்கு 'அவுட்போஸ்ட்' கப்பல், 100 புள்ளி. அவுட்போஸ்டில் மக்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் கப்பல்கள் எட்டும் தூரம் அங்கிருந்து நீளும், அந்த இடம் மற்றவர் கைக்கும் போகாது. குறுங்கோள் பட்டையிலும் வாயுக் கோளிலும்கூட அதை வைக்கலாம்.

புதுக் காலனி முதலில் ஒரே ஓர் ஆளோடு தொடங்கும். அவர் ஒருவரே 60 புள்ளித் தொழிற்சாலையைக் கட்ட 20 டர்ன் ஆகும். இங்கேதான் பணத்தைச் செலவழிக்க வேண்டும். ஆனால் ஒன்றுமே கட்டாத நிலையில் வாங்கினால் புள்ளிக்கு ஏறக்குறைய 4 பிசி (விளையாட்டின் பணம்) கேட்கும். பாதி முடிந்தபின் 2 பிசிதான். பாதிவரை பொறுத்து, பிறகு வாங்குங்கள். சர்வாதிகார ஆட்சி என்றால் மரீன் பாசறை இல்லாத காலனியில் மன உறுதி 20 விழுக்காடு குறையும் என்பதையும் கவனியுங்கள். பாசறையின் விலையும் 60.

இன்னொன்று. மக்கள்தொகை வேகமாகப் பெருகுவது கிரகம் ஏறத்தாழ பாதி நிரம்பியிருக்கும்போது. முழுக்க நிரம்பிய தாய்க்கிரகம் பெருகாமல் அப்படியே நிற்கும். அங்கிருந்து ஆட்களை எடுத்துப் புதுக் காலனிகளுக்கு அனுப்பினால் இரண்டு இடமும் வளரும்.

கேள்வி: தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டே போகிறேன், உற்பத்தி அதற்கேற்ப ஏறவில்லை. கேமில் பிழையா?

பதில்: பிழை இல்லை, மாசு. ஒவ்வொரு கிரகமும் அதன் அளவுக்கேற்ப ஓரளவு உற்பத்தியைத் தாங்கும்: மிகச் சிறியது 2, சிறியது 4, நடுத்தரம் 6, பெரியது 8, மிகப் பெரியது 10. அதற்கு மேல் வரும் உற்பத்தியில் பாதி, சுத்தம் செய்யவே போய்விடும்.

நடுத்தரக் கிரகம் ஒன்றில் தொழிற்சாலை இல்லாமல் 8 தொழிலாளர்கள் என்று வையுங்கள். மொத்தம் 24. தாங்கும் அளவு 6 போக மிச்சம் 18. அதில் பாதி 9 வீண். உங்களுக்குக் கிடைப்பது 15. ஒன்பதாவது ஆளை இறக்கினால் அவர் 3 செய்வார், ஒன்றரைதான் உங்களிடம் வந்து சேரும். அதே ஆளை விஞ்ஞானியாக்கினால் 3 ஆராய்ச்சிப் புள்ளியும் அப்படியே கிடைக்கும், மாசு கிடையாது. அதனால் ஒரே கிரகத்தில் தொழிலாளர்களைக் குவிக்காமல் பல கிரகங்களில் பரப்புங்கள். சிறியதாக இருந்தாலும் கனிம வளம் மிகுந்த கிரகம் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண கிரகத்தில் ஆளுக்கு 3, வளமானதில் 5, மிக வளமானதில் 8.

வேதியியல் துறையில் 650 புள்ளிப் படியில் மாசு நீக்கும் ஆலை வருகிறது. மாசு கணக்கிடும்போது உற்பத்தியை அது பாதியாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன 24-ஐ 12 என்று பார்க்கும். மிச்சம் 6, வீண் 3. கையில் 21. அதே ஆட்கள், 15-லிருந்து 21.

கேள்வி: மொத்தக் கணக்கில் உணவு மிச்சம் காட்டுகிறது. ஆனாலும் ஒரு காலனியில் மக்கள் பட்டினியால் சாகிறார்கள். ஏன்?

பதில்: உணவு இருக்கிறது, கொண்டுபோக ஆள் இல்லை. ஒரு சரக்குக் கப்பல் 1 உணவைத்தான் சுமக்கும். 50 புள்ளிக்கு ஐந்து கப்பல்கள் ஒன்றாகக் கட்டப்படும். ஓர் ஆளை இடம் மாற்றினால் அந்த ஐந்தும் அதற்கே போய்விடும்; நீங்கள் மக்களை அனுப்பிய டர்னில்தான் பட்டினி தொடங்கியிருக்கும், பாருங்கள். கப்பல் போதுமான அளவு இருந்தும் உணவு போகவில்லை என்றால் அந்த நட்சத்திரத்தில் பகைவர் கப்பல் முற்றுகையிட்டு நிற்கிறது. எல்லையோரக் காலனியில் எப்போதும் ஒரு விவசாயியையாவது வைத்திருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஆராய்ச்சியிலும் இரண்டு மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடிகிறது. மற்றவை போனது போனதுதானா? எதை எடுப்பது?

பதில்: உங்கள் ஆராய்ச்சியில் அவை திரும்பி வராது. மற்ற இனங்களிடம் பண்டமாற்றாகப் பெறலாம், உளவாளிகளை வைத்துத் திருடலாம், அவர்கள் கிரகத்தைப் பிடிக்கும்போதும் கிடைக்கலாம்.

தொடக்கத்தில் கணினித் துறையின் 150 புள்ளிப் படியில் ஆராய்ச்சிக்கூடத்தை எடுங்கள், தயங்கவே வேண்டாம். தொழிற்சாலை உற்பத்திக்குச் செய்வதை இது ஆராய்ச்சிக்குச் செய்யும்: ஆளுக்கு 1 கூடுதல், கட்டடத்துக்கு 5. அங்கேயே இருக்கும் ஆப்ட்ரானிக் கணினி லேசரின் குறியைக் கூர்மையாக்கும், ஆனால் அந்தக் கட்டத்தில் லேசரை நம்பிப் போருக்குப் போகக் கூடாது.

கடினமான இடம், மேலே சொன்ன மாசு நீக்கும் ஆலை. அதே படியில் எதிரே நிற்பது மெர்குலைட் ஏவுகணை. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். பக்கத்து இனத்தோடு போர் தொடங்கிவிட்டது, ஏவுகணைக் கப்பல்கள் இருக்கின்றன என்றால் மெர்குலைட். அமைதி நிலவினால் ஆலை. இது எங்கள் தீர்ப்பு. மாற்றுக் கருத்துள்ள நல்ல ஆட்டக்காரர்களும் உண்டு.

இந்தத் தவிப்பே வேண்டாம் என்றால் சைலான் இனத்தை எடுத்துப் பழகுங்கள். 'கிரியேட்டிவ்' தன்மை உள்ளதால் ஒவ்வொரு படியிலும் எல்லாமே கிடைக்கும். ஒரு குறை, அவர்கள் குறைந்த ஈர்ப்புக்குப் பழகியவர்கள்.

கேள்வி: கிளாக்கான் இனத்தோடு ஆடுகிறேன். தேர்ந்தெடுக்கவே விடாமல் அதுவே ஒன்றைக் கொடுக்கிறது.

பதில்: அந்த இனத்தின் இயல்பு அது, ஒவ்வொரு படியிலும் குருட்டாம்போக்கில் ஒன்றுதான் வரும். ஈடாக அவர்களுடைய ஒருமை ஆட்சியில் உணவும் உற்பத்தியும் 50 விழுக்காடு கூடும்.

கேள்வி: சொந்தமாக இனம் அமைக்க 10 புள்ளி தருகிறார்கள். நல்ல சேர்க்கை ஒன்று சொல்லுங்கள்.

பதில்: அனுபவசாலிகள் அடிக்கடி எடுப்பது இது. எதையும் தாங்கும் தன்மை 10 புள்ளி, ஒருமை ஆட்சி 6, உற்பத்தி +1 என்பது 3, பெரிய தாய்க்கிரகம் 1. மொத்தம் 20. குறைகளை ஏற்றுக்கொண்டால் 10 புள்ளிவரை திரும்பக் கிடைக்கும்: அருவருப்புத் தன்மை 6, கப்பல் தற்காப்பில் குறை 2, தரைப்போரில் குறை 2. கணக்கு நேராகிவிட்டது. தாங்கும் இனத்துக்கு மாசே கிடையாது, கிரகங்களில் கூடுதல் பேரும் வாழலாம். அதோடு உற்பத்தி 50 விழுக்காடு கூடினால் என்னாகும் என்று மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள். விலை என்னவென்றால், அருவருப்பான இனத்தோடு யாரும் ஒப்பந்தமோ பண்டமாற்றோ செய்ய மாட்டார்கள். தவறவிட்ட தொழில்நுட்பத்தைத் திருடவோ பிடுங்கவோதான் வேண்டும். புதியவர்கள் முதல் சில ஆட்டங்களுக்கு இதை எடுக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: இருபது கப்பல் கட்டினேன். கஜானா காலியாகி, கட்டடங்கள் தாமாக விற்கப்பட்டுவிட்டன. சண்டையிலும் தோற்றேன்.

பதில்: ஒவ்வொரு போர்க்கப்பலும் கட்டளைப் புள்ளி கேட்கும்: ஃபிரிகேட் 1, டெஸ்ட்ராயர் 2, குரூஸர் 3, பேட்டில்ஷிப் 4. உங்களிடம் உள்ளதைத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் டர்னுக்கு 10 பிசி. விண்தளங்கள் அந்தப் புள்ளிகளைக் கூட்டும். பணம் சுழியத்துக்குக் கீழே போனால் கட்டடங்களை விற்று ஈடுகட்டுவார்கள். முதலில் பழைய கப்பல்களை உடைத்துப் போடுங்கள்.

சண்டைக்கு வருவோம். லேசரின் அடி 1 முதல் 4 வரை. தூரம் கூடக்கூட அதுவும் குறையும், குறியும் தப்பும். எதிரிக்கு முதல் வகைக் கவசத்திரை இருந்தால் ஒவ்வோர் அடியிலும் 1 கழியும். அணு ஏவுகணையின் அடி 8. அதே திரை 7-ஆகக் குறைக்கும், அவ்வளவுதான். ஆகவே முதல் போருக்கு ஏவுகணைக் கப்பல். ஏவுகணைகளை இரண்டே சுற்று சுடும்படி அமைத்தால் இடமும் விலையும் மிகக் குறையும். ஒரே கப்பலில் நிறைய ஏற்றலாம். நான்கைந்து கப்பல்கள் சேர்ந்து முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் ஒரே இலக்கின் மேல் ஏவட்டும். வேதியியலில் மேலும் படிகள் ஏறினால் ஒரே ஏவுகணையில் நான்கு முனைகள் வைக்கும் வசதி திறக்கும்; அப்போது பழைய அணு ஏவுகணையே 32 அடி. எதிரி ஏவுகணை எதிர்ப்பு ராக்கெட் பொருத்திவிட்டால் இந்த உத்தி தேயத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் ஒரு கிரகத்தையாவது பிடித்திருக்க வேண்டும். அதற்குப் படைவீரர் கப்பல்கள் பின்னால் வரட்டும். தற்காப்பை அழித்துவிட்டு, வீரர் இல்லாமல் திரும்பி வருபவர்கள் ஏராளம்.

கேள்வி: ஓரியன் கிரகத்தை எப்போது தாக்கலாம்?

பதில்: அதைக் காத்து நிற்கும் காவலன் கப்பலை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். நல்ல கவசத்திரையும் தேர்ந்த கணினியும் உள்ள பெரிய போர்க்கப்பல்கள் ஓர் அணியாகத் திரண்டபின்தான். வென்றால் ஆராய்ச்சியில் கிடைக்கவே கிடைக்காத 'டெத் ரே' ஆயுதமும், அவெஞ்சர் என்ற கப்பலோடு லோக்னார் என்ற தளபதியும் வருவார்கள். போவதற்கு முன் ஆட்டத்தைத் தனி இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பத்தாவது இடம் தானியங்கிச் சேமிப்புக்கானது. அதன்மேல் மறுபடி மறுபடி எழுதப்பட்டுவிடும்.

கேள்வி: புது மடிக்கணினியில் ஓடுமா?

பதில்: விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி இணையதளத்தில் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் சேர்ந்து விற்கப்படுகின்றன; பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் வழியாக ஓடும். மெதுவாக நகர்ந்தால் கண்ட்ரோல் விசையோடு எஃப்12 அழுத்துங்கள், வேகம் கூடும். மவுஸ் உள்ளேயே சிக்கிக்கொண்டால் கண்ட்ரோலோடு எஃப்10. முழுத் திரைக்கு ஆல்ட்டும் எண்டரும். பணம் கட்டாமல் இதே வகை ஆட்டத்தைப் பழக விரும்பினால் ஃப்ரீஓரியன் இருக்கிறது. ஆனால் அதன் விதிகள் வேறு. மேலே சொன்ன எண்கள் அங்கே செல்லாது.