சைடிங் வெளுத்துவிட்டால் கழற்றித்தான் ஆகவேண்டுமா?

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் எழுபதுகளில் கட்டிய வீடு ஒன்றைப் போன வருஷம் வாங்கினோம். மேல்மாடியைச் சுற்றிப் பச்சை அலுமினிய சைடிங், அதாவது வெளிச்சுவரை மூடும் தகடு. தெற்குப் பக்கம் அடையாளமே தெரியாமல் வெளுத்துவிட்டது, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. வந்து பார்த்த ஒருவர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வினைல் போடுங்கள் என்கிறார். இன்னொருவர் நிறமில்லாத கோட்டிங் ஒன்றைப் பூசினால் போதும், இருபது வருஷம் தாங்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேருமே காத்திருக்கட்டும். கையில் ஒட்டும் அந்த மாவு உங்கள் பழைய பெயின்ட்தான். பெயின்ட்டில் நிறத்தூளைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை வெயிலின் புற ஊதாக்கதிர் சிதைத்துவிடுகிறது, பிடிப்பு போனதும் தூள் தனியே உதிர்கிறது. அடியில் இருக்கும் தகட்டுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை, அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடித்து ஓட்டையாகிற சாமானும் இல்லை. நிறம் போனது மட்டும்தான் குறை என்றால் கழற்றவே வேண்டாம். தகடு கிழிந்திருக்கிறது, இணைப்பு வழியாகத் தண்ணீர் போய் உள்ளே மரம் ஊறியிருக்கிறது, அல்லது எப்படியும் வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அந்த நிறமில்லாத கோட்டிங் பொய்யில்லை, ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஒரு சின்னப் பகுதியை நன்றாகக் கழுவிவிட்டு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பச்சை திரும்பி வருகிறதா? கோட்டிங் தரப்போவது ஏறக்குறைய அந்தத் தோற்றத்தைத்தான். ஈரத்திலும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், அல்லது பிரைமரோ (அடிப்பூச்சு) தகடோ எட்டிப்பார்த்தால், அதைப் பூசிப் பயனில்லை, ஏனென்றால் இல்லாத நிறத்தை அது கொண்டுவராது. தெற்குச் சுவர் வெளுப்பாகவும் வடக்குச் சுவர் பச்சையாகவும் இருக்கும் வித்தியாசத்தையும் அது மறைக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு நல்ல பெயின்ட்தான் சரி: வெளிச்சுவருக்கான நூறு சதவீத அக்ரிலிக்.

எதைப் பூசினாலும் வேலையின் முக்கால்வாசி கழுவுவதில்தான் இருக்கிறது, விலையைக் குறைக்க ஆட்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான். மாவின் மேல் பூசியது மாவோடு சேர்ந்தே உரிந்து வரும். மென்மையான பிரஷ், மிதமான சோப்பு, நிறையத் தண்ணீர் போதும். காய்ந்தபின் கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்த்து, இன்னும் தூள் வந்தால் மறுபடி கழுவுங்கள், அப்புறமும் லேசாக வந்தால் பெயின்ட் நன்றாக ஒட்ட உதவும் பாண்டிங் பிரைமர் ஒரு கோட். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. 1960க்கும் 1990க்கும் இடையே கட்டிய வீடுகளின் வெளிப்புறப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்று கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவே எச்சரிக்கிறது, உங்கள் வீடு அந்தக் காலத்துக்குள் வருகிறது. அதனால் வேலை தொடங்கும் முன்பே பெயின்ட்டைச் சோதித்துவிடுவது நல்லது. பிரஷர் வாஷரும் வேண்டாம், அது பெயின்ட் செதில்களைத் தோட்டத்து மண்ணில் சிதறடிக்கும், சைடிங்குக்குப் பின்னால் தண்ணீரையும் ஏற்றிவிடும்.

இந்த வேலைக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். வெயில் நேராக அடிக்கும் சுவரில் பூசாமல், நிழல் வந்தபின் பூசச் சொல்லுங்கள்.

வினைல் சைடிங் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றவேண்டாம். வினைல் சூட்டில் இளகும் பிளாஸ்டிக், எழுபது டிகிரி செல்சியஸ் வாக்கில் நெளிய ஆரம்பித்துவிடும். பழைய நிறத்தைவிட அடர்ந்த நிறத்தில் பூசினால் வெயிலை இழுத்து வளைந்துவிடும், வினைலுக்கென்றே தயாரித்த பெயின்ட் என்றால் மட்டும் சரி. பூசினால் கம்பெனி வாரண்டி செல்லாமல் போகலாம், அதையும் முதலில் பாருங்கள். ஆளி எண்ணெய் தேய்த்தால் பளபளக்கும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. பளபளக்கத்தான் செய்யும், அப்புறம் தூசியும் பூஞ்சையும் அதில் குடியேறும்.

இருபது வருஷம் என்கிறவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். உரிவதற்கு மட்டுமா, மங்குவதற்குமா? சாமானுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா? கூடவே பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேளுங்கள், ஏணியில் ஏறுகிற வேலை இது. உங்கள் வீட்டில் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் 50 டாலருக்கு மேல் இருந்தால், அதன் பிரதி கையில் கிடைத்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை ஒன்டாரியோ நுகர்வோர் சட்டத்தில் உங்களுக்கு உண்டு. மதிப்பீட்டுத் தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி அவர் வசூலிக்கவும் முடியாது, வேலையைக் கூட்டிக்கொண்டு நீங்களே புதிதாகக் கையெழுத்துப் போட்டாலொழிய.