ஒரே வளாகம், இரண்டு காவல்: எருசலேமில் எந்த வாசல்?

வணக்கம். பழைய நகரத்துச் சந்தை வழியாகப் போய், முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் புனிதமான அல் அக்சா வளாகத்தின் வாசலில் உங்களைத் திருப்பி அனுப்பியதாகவும், வாசல் திறந்துதானே இருந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வாசல்கள் முஸ்லிம்கள் உள்ளே போக மட்டும். மற்றவர்களுக்கு ஒரே வழி மக்ரிபி வாசல்; யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரருகே, பெண்கள் வழிபடும் பகுதிக்கு மேலே ஏறும் மரப்பாலம்தான் அதற்குப் பாதை. வெளியேறும்போது சங்கிலி வாசல் வழியாக வரலாம்.

காரணம் 1967 போர். அதில் பழைய நகரைக் கைப்பற்றிய இஸ்ரேல் வளாக நிர்வாகத்தை ஜோர்டான் சார்ந்த வக்ஃபிடமே (இஸ்லாமிய அறக்கட்டளை) விட்டது. பாதுகாப்பையும் மக்ரிபி வாசல் சாவியையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. இஸ்ரேலும் ஜோர்டானும் செய்த 1994 அமைதி ஒப்பந்தம் ஜோர்டானின் பங்கை ஏற்கிறது.

வெள்ளி, சனி போகாதீர்கள், அனுமதியில்லை. ரமலானில் நேரம் இன்னும் சுருங்கும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் பைபிள், ஜெபமாலை இருந்தால் சோதனையிலேயே சிக்கல், விடுதியில் வைத்துவிடுங்கள். உள்ளே கைகூப்பி ஜெபிக்க வேண்டாம். யூதர் சிலர் ஜெபிப்பதைப் போலீஸ் இப்போது கண்டுகொள்வதில்லை என்றாலும், அதுவே அங்கே பெரும் பதற்றத்தின் வேர். வளாகத்தின் நடுவே பொன் கூரையுடன் நிற்கும் பாறைக் குவிமாடத்துக்குள் முஸ்லிம் அல்லாதோருக்கு அனுமதியில்லை. வெளியிலிருந்து நிதானமாகப் பாருங்கள், அந்த நீல ஓடுகளே போதும்.