கட்டுச்சோறும் சன்னலோர இருக்கையும்: வாசகர் கேள்வி – பதில்

சிறுவயதுப் பயணங்களில் உண்டவற்றைப் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஏக்கம்தான் தெரிகிறது: அந்தப் பண்டம் இன்றும் கிடைக்கிறது, அந்தச் சுவை கிடைக்கவில்லை. இடம் கருதிச் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிறுமியாக இருந்தபோது கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து இராமேசுவரத்துக்கு ரயிலில் செல்வோம். மானாமதுரை தாண்டியதும் அப்பத்தா இலைப்பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு தருவார். அவர் சொல்லித் தந்த அதே அளவில்தான் இன்றும் செய்கிறேன். ஆனால் அந்த ருசி வரவே இல்லை. காரணம் என்ன? – வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிளறியவுடன் சாப்பிட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அப்பத்தா விடியற்காலையில் எழுந்து கிளறிய சோறு, நண்பகலில் உங்கள் கைக்கு வரும் வரையில் பல மணி நேரம் பொட்டலத்துக்குள் ஊறிக் கிடந்தது. புதிதாகக் கிளறிய புளிச்சோற்றில் புளிக்காய்ச்சல் பருக்கையின் மேல்தான் படிந்திருக்கும். நேரம் செல்லச் செல்லத்தான் புளிப்பும் உப்பும் காரமும் பருக்கையின் உள்ளே இறங்கும். புளிச்சோறு ஆறின பிறகு சாப்பிடுவதற்கென்றே உருவான உணவு என்பது என் கருத்து.

அந்தக் காலத்துப் பயணச் சமையலில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு காரணம் இருந்தது. சோற்றை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய பிறகே காய்ச்சலைச் சேர்த்தார்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே நீராவி வியர்த்துச் சோறு நொசநொசத்துக் கெட்டுவிடும். ஊசிப்போகும் என்பதால் தேங்காயையும் வெங்காயத்தையும் கட்டுச்சோற்றின் பக்கமே சேர்க்க மாட்டார்கள். புளியும் உப்பும் கெடாமல் காக்கும்; தாராளமாக விட்ட நல்லெண்ணெய் சோறு விறைத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும். வறுத்துப் பொடித்த எள்ளும் வெந்தயமும் கடைசியில் தூவப்படும். வாழையிலையை அனலில் வாட்டுவது மடிக்கும்போது கிழியாமல் இருப்பதற்காகத்தான் என்றாலும், வாட்டிய இலையிலிருந்து வரும் மணம் வேறு எந்தப் பாத்திரத்திலும் வராது. பொட்டலத்தைப் பிரித்தால் எண்ணெய் ஊறிய இடமெல்லாம் இலை பழுப்பேறி இருக்கும். காய்ந்த மிளகாயின் விதைகள் இலை நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் மொறுமொறுவென்று இருந்த வேர்க்கடலை சோற்றோடு சேர்ந்து மெத்தென்று ஆகியிருக்கும். உங்கள் நாக்கு நினைவில் வைத்திருப்பது இந்த நிலையைத்தான்.

ஆகவே காலையில் கிளறி, எவர்சில்வர் டப்பாவில் அடைக்காமல் வாட்டிய இலையில் கட்டி வைத்து, மதியம் பிரித்துப் பாருங்கள். முடிந்தால் அதே ரயிலில் ஒருமுறை சென்று வாருங்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேல்தான் இப்போது ரயில் செல்கிறது. பாலம் வந்துவிட்டால் சோற்றை யார் கவனிப்பார்கள்? மண்டபம் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: இராமநாதபுரம் சாலையில் அப்பா பேருந்திலிருந்து இறங்கி வாங்கித் தந்த பதநீரை மறக்க முடியவில்லை. இப்போது மதுரைக்குள்ளேயே பதநீர் விற்கிறார்கள். ஆனால் வாங்கிக் குடித்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. – வாசகர், பரமக்குடி

பதில்: பதநீரைப் பொறுத்தவரை தொலைவும் நேரமும்தான் ருசியைத் தீர்மானிக்கின்றன. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுவதால்தான் இறங்கும் சாறு கள்ளாகப் புளிக்காமல் பதநீராக நிற்கிறது. அப்படியிருந்தும் வெயில் ஏற ஏற அதன் இயல்பு மாறத் தொடங்கிவிடும். நீங்கள் சிறுவயதில் குடித்தது, மரத்திலிருந்து இறக்கிச் சற்று நேரமே ஆன பதநீராக இருந்திருக்கும். அதோடு பச்சைப் பனையோலையில் மடித்த பட்டையில் ஊற்றித் தந்திருப்பார்கள். ஓலையின் மடிப்பில் வாய் வைத்து உறிஞ்சும்போது பதநீரின் இனிப்புக்கு முன்பாகப் பச்சையோலையின் வாசம் மூக்கில் ஏறும். பிளாஸ்டிக் குவளையில் அதை எதிர்பார்க்க முடியாது என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் அதே சாலையில் காலை நேரத்திலேயே செல்லுங்கள். பனைமரங்களுக்குப் பக்கத்தில் விற்பவரிடம், பட்டையில் ஊற்றித் தரும்படி கேட்டு வாங்குங்கள். நுங்கு இருந்தால் அதையும் வழித்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சித்தப்பா குடும்பத்தோடு அழகர்கோவிலுக்குச் செல்லும்போதெல்லாம் பிரசாத தோசை வாங்குவோம். அதை வீட்டில் செய்ய முடியுமா? – வாசகி, மேலூர்

பதில்: ஏறத்தாழச் செய்யலாம். பச்சரிசியோடு தோல் நீக்காத கறுப்பு உளுந்தைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்து, நெய் தாராளமாக விட்டு, கனமாக ஊற்றி மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். சட்னியைத் தேடாதீர்கள், மிளகும் நெய்யுமே அதற்குப் போதும். அந்தத் தோசை சூடாகச் சாப்பிடுவதற்கானதும் அன்று. மலைமேல் நூபுர கங்கையில் நீராடிவிட்டு, இராக்காயி அம்மனைக் கும்பிட்டு, கீழே இறங்கி வந்து பசியோடு பிய்த்துத் தின்பதற்கும், மீதியை மடித்து ஊருக்குக் கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கிடுவதற்கும் ஏற்ற தோசை அது. வீட்டில் செய்தாலும் ஆறவைத்து மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள், மிளகின் காரம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். நூபுர கங்கைத் தண்ணீருக்கு மட்டும் என்னிடம் மாற்று கிடையாது.

கேள்வி: பேரப்பிள்ளைகளோடு வெளியூர் கிளம்பினால் பாக்கெட் சிப்ஸ்தான் கேட்கிறார்கள். கட்டுச்சோறு என்றால் முகம் சுளிக்கிறார்கள். விட்டுவிடலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: விட வேண்டாம் அம்மா. ஆனால் புளிச்சோற்றிலிருந்து தொடங்காதீர்கள், இட்லியில் தொடங்குங்கள். கிளம்பும் அன்று காலையில் பிள்ளைகளையே உட்காரவைத்து, ஆறிய இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவச் சொல்லுங்கள். தாமே தடவியதைப் பிள்ளைகள் ஒதுக்குவது அரிது. எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் இட்லி மாலை வரை வறண்டு போகாது. தயிர்ச்சோறு கொண்டுபோவதாக இருந்தால், குழைத்த சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேருங்கள். போகும் வழியிலேயே உறைந்து, மதியத்தில் புளிக்காத தயிர்ச்சோறாக இருக்கும். சிப்ஸும் ஒரு பாக்கெட் இருந்துவிட்டுப் போகட்டும். தடுத்தால்தான் அதன் மேல் ஆசை கூடும்.

கேள்வி: போடி ரயிலில் தேனிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த காலத்தில் கூடை நிறையக் கறுப்புத் திராட்சை வாங்கி வருவோம். அதே திராட்சை இன்றும் உண்டா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: உண்டு. நீங்கள் சொல்வது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட உங்கள் ரயில், 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லியது, சாறு மிகுதி. அடுக்கி வைத்தால் அடியில் உள்ளவை நசுங்கிவிடும். வாங்கும்போது கொத்தின் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து, அகலமான கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பிக் கொண்டுவாருங்கள்.