கிருஷ்ணகிரி வெயிலுக்கு பக் நாய் தாங்குமா?

கிருஷ்ணகிரியில் மாடி வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள், பக் வாங்கலாமா, குணம் எப்படி, வெயில் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். காவேரிப்பட்டணத்தில் ஐந்து வருடமாக ஒரு பக்கோடு குடித்தனம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் புஜ்ஜி விலைக்கு வாங்கியதல்ல. ஓசூரில் வேலை பார்த்த தங்கை மகன் வெளிநாடு கிளம்பும்போது, "ஆறே மாசம் பெரியம்மா" என்று விட்டுப் போனது. தெருவில் அதன் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் 'ஹட்ச் நாய்'தான். 2003 வாக்கில் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடுமே, அதே ஜாதி.

நிஜத்திலும் அப்படித்தான். அடுப்படி, மொட்டை மாடி, குளியலறை வாசல், எங்கே போனாலும் காலடியில் நிற்கும். சீனாவில் அரச குடும்பத்தார் மடியில் வைத்துக் கொஞ்ச வளர்த்த இனம். 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்கும் போய்விட்டது. வேட்டைக்கோ காவலுக்கோ பழகியதில்லை. கேஸ் சிலிண்டர் போட வருபவரைக் கூட வாலாட்டி உள்ளே கூட்டி வரும். திருட்டு பயத்துக்கு நாய் வேண்டுமென்றால் நல்ல நாட்டு நாயாகப் பாருங்கள். பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், கடிக்கிற குணம் குறைவு, தனியாக விட்டால் ஏங்கிப்போகும். முடி குட்டையாக இருப்பதால் கொட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கறுப்புப் புடவைகளைக் கேட்டால் சொல்லும்.

பின்னாலேயே வருகிற அந்தக் குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. வந்த முதல் வருடம், மே மாதம், காலை ஒன்பது மணி. மாங்காய் பறிக்க ஆள் வந்திருந்ததால் தோப்புக்கு நடந்தேன், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. புஜ்ஜியும் வந்தது. எனக்கோ விளம்பரத்தில் நடிப்பது போலப் பெருமை. பாதி வழியில் அதன் வழக்கமான கொர்கொர் சத்தம் மாறி, ரம்பம் போட்டு மரம் அறுப்பது போலாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாக்கு கருநீலம், எச்சில் நூல் நூலாகத் தொங்குகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது. அப்போதும் என்னை நோக்கித்தான் நடந்து வந்தது. தூக்கிக்கொண்டு ஓடிப் பம்பு செட் தொட்டியோரம் படுக்கவைத்து, தலையை உயர்த்திப் பிடித்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, முந்தானையால் விசிறினேன். போனில் டாக்டரும் அதையேதான் சொன்னார்: முதலில் குளிர வையுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள், வாயில் மட்டும் தண்ணீரைத் திணிக்காதீர்கள். பிழைத்துக்கொண்டது.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். பக்குக்கு மூஞ்சிதான் சப்பை, உள்ளே சதை குறையவில்லை. மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற சதை, நீண்டு தொண்டையை அடைத்துக்கொள்ளும், மூக்குத் துளையும் இடுக்கு. தன்னால் முடியவில்லை என்று அதுவாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அன்றிலிருந்து எங்களுக்கு நடை விடிகாலை ஐந்தரைக்கு, கோடையில் இருட்டிய பிறகு ஒரு சின்னச் சுற்று. கழுத்துப் பட்டையைக் கழற்றி வீசிவிட்டு மார்போடு மாட்டும் பட்டை வாங்கினோம்.

அடுத்த வில்லன் எங்கள் வீட்டுக் களி. அத்தை ராகிக் களியை நெல்லிக்காய் அளவு உருட்டி ஊட்டுவார், அது கண்ணை உருட்டிக் கேட்கும், இன்னொன்று போகும். ஒருநாள் அரிசிக் கடைத் தராசில் நிறுத்தினால் 11 கிலோ! பக் ஆறிலிருந்து எட்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும். கழுத்தில் கொழுப்பு ஏற ஏற மூச்சுக் குழாய்க்குத்தான் நெருக்கடி. களி ஒரே உருண்டை, வேகவைத்த கோழியும் பூசணியும் என்று மாற்றி எட்டுக்குக் கொண்டுவர ஏழு மாதம் ஆனது. அத்தை இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்.

மற்றது எல்லாம் கைப்பழக்கம். மூஞ்சி மடிப்பை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் ஒற்றிவிட வேண்டும். ஈரம் தங்கினால் புண்ணாகி நாறும். கண் பிதுங்கியிருப்பதால் எலுமிச்சை முள்கூடக் குத்திவிடும், கண் சிவந்தால் அன்றைக்கே டாக்டர். மாம்பழ சீசனில் கொட்டையைத் தரையில் போடாதீர்கள், விழுங்கினால் குடலை அடைக்கும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கூடாது.

உங்கள் மாடி வீட்டுக்குக் கான்கிரீட் தளமா, சிமெண்ட் ஷீட்டா? ஷீட் என்றால், அல்லது பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், வேண்டாம். மற்றபடி வாங்கலாம். வாங்கும்போது முகம் எவ்வளவு சப்பை என்று பார்த்து மயங்காதீர்கள், மூக்குத் துளை அகலமான குட்டியாகப் பாருங்கள். தாய் நாயைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு நிமிஷம் முற்றத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேளுங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் பேரமே பேசாதீர்கள்.