கோடு மாறிக் கிடக்கிறது

அன்புள்ள அக்கா,

வணக்கம். பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா எல்லோருமாக ஓர் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பழைய தோட்ட அலுவலகத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிப் பலகை சரியில்லாததால் செம்பனைக் காட்டுக்குள் இரண்டு முறை வழி தவறினோம். பெரியவர்களுக்கு ஐந்து வெள்ளி, பிள்ளைகளுக்கு இரண்டு வெள்ளி. விளக்கங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழில் ஒரு வரி இல்லை. ரப்பர் கூடத்தில் செயற்கை மரம் ஒன்றும், பால் வெட்டும் பெண்ணின் சிலை ஒன்றும் இருந்தன. அப்பா பார்த்துவிட்டு, "கோடு மாறிக் கிடக்கிறது" என்று சொல்லி வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்று வயது மகன் பத்தே நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிட்டான். மகள் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கடையில் நாசி லெமாக்கின் விலையும் அதிகம், ருசியும் இல்லை.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதில் பயன் உண்டா? நம் வரலாற்றில் அவர்களுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம்? நாம் பெருமைப்படும்படியான இடங்கள் வேறு இருந்தால் சொல்லுங்கள். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கைப்பட்டாணி

*

அன்புள்ள தம்பி,

பத்து நாளாக என் மேசைமேல் ஒரு மங்கு இருக்கிறது. வேலி போடக் குழி தோண்டிய பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். உள்ளே மண் இறுகி, விளிம்பில் ஒரு சில்லு போன பீங்கான் மங்கு. "பிடியே இல்லையே டீச்சர், இதில் என்ன குடிப்பார்கள்?" என்று கேட்டான். ரப்பர் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம் அது. அவனுடைய பாட்டி இதே பீடோங் வட்டாரத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். வெட்டுவதற்கு ஒதுக்கிய மர வரிசையை நிரை என்போம்; என் அம்மாவுக்கு அடுத்த நிரை அவருடையது. அந்தப் பிள்ளையின் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் இருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழில் விளக்கம் இல்லை என்ற குறை நியாயமானது. எனக்கு எழுதியதை அவர்களுக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் போட்டு எழுதுங்கள். நாசி லெமாக் போகட்டும். மகனைத் திட்டாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளுக்கும் தனக்கும் என்ன உறவு என்று தெரியாத பிள்ளை பத்து நிமிடம் நின்று பார்த்ததே பெரிது. அந்த உறவைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

உங்கள் அப்பா சொன்னது மூன்று சொல். அதற்கு என்ன பொருள் என்று நீங்கள் அவரிடம் கேட்கவில்லை. வழி தவறிய கதையை எனக்கு எழுதினீர்கள், கட்டணத்தை எழுதினீர்கள், அப்பாவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பால் மரத்தில் போடும் கோடு, மரத்துக்கு எதிரே நிற்பவரின் இடக்கைப் பக்கம் உயர்ந்தும் வலக்கைப் பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை. கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறமாக, மூன்று நான்கு பாகை சாய்ந்து ஏறுகின்றன. இடது உயர, வலது தாழ வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், அதிகப் பால் வரும். கோட்டை மாற்றிப் போட்டால் அதே உழைப்புக்கு, அதே பட்டைக்குப் பால் குறையும். சரிவும் ஏறக்குறைய 30 பாகை இருக்க வேண்டும். மிகவும் படுக்கையாக வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் பட்டைமேல் வழிந்துவிடும். மிகவும் செங்குத்தாக வெட்டினால் பட்டை வீணாகும். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டர், கூடிப்போனால் ஒன்றரை. உளி பட்டையைத் தாண்டி உள்ளே ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் கழித்துத் திரும்ப வெட்ட வரும்போது உளி அங்கே ஏறாது.

இவ்வளவும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது, தம்பி. சிலை செய்தவர் இடம் வலம் மாறி அச்சான ஏதோ ஒரு படத்தைப் பார்த்துச் செய்திருக்கலாம். அதைக் கூடத்தில் நிறுத்தியவர்களும் திறந்து வைத்தவர்களும் பார்த்தார்கள். வந்து போனவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா ஒரு பார்வையில் பிழையைப் பிடித்துவிட்டார். வேறு துறையில் இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் நிபுணர் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பீர்கள். அப்பா சொன்னதால் முதியவரின் முணுமுணுப்பாகிவிட்டது. எனக்குக் கோபம் வருகிறது. உங்கள்மேல் மட்டும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் நீங்கள் எழுதாத சிலவற்றையும் என்னால் ஊகிக்க முடிகிறது. 1876-ல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை கொண்டுபோன ஆங்கிலேயர் விக்கமின் பெயர் இருந்திருக்கும். மறு வருடம் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளும், அவற்றில் கோலகங்சாரில் நட்டவையும் இருந்திருக்கும். மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்த சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, சட்டத்துக்குள் நின்றிருப்பார். நிற்கட்டும், அந்த மரியாதை அவருக்கு உரியதுதான். அவர் வகுத்த முறையை நாளுக்கு நானூறு மரத்தில், இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியோடு செய்தவர்களுக்கு என்ன தலைப்பு போட்டிருந்தார்கள்? இந்தியத் தொழிலாளர்கள் என்று இருந்திருக்கும். படத்தில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் பெயர் ஒன்றுகூட இருக்காது.

என் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் வாசலில் நின்று கையை நீட்டிக் காற்றைப் பார்ப்பார். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. வெயில் ஏறினால் இலை வழியாக மரம் நீரை இழந்து, பட்டைக்குள் அழுத்தம் குறைந்து, பால் நின்றுவிடும் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அம்மா அதை வேறு மாதிரி சொல்வார்: "மரம் முழித்துக்கொள்வதற்குள் வெட்டிவிட வேண்டும்." விளக்கு அணைந்துவிட்டாலும் கட்டைவிரலால் பட்டையைத் தடவியே எவ்வளவு சீவலாம் என்று கணக்குப் பார்ப்பார். காய மரம் என்று கங்காணி என் அம்மாவின் நிரையில் குறி போட்டதாக எனக்கு நினைவில்லை. மத்தியானம் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்துகொண்டு அவர் சடக்கு வழியில் வருவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வாசலிலிருந்து தெரியும். உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றத்தோடு அம்மா என்னைத் தூக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

1994-ல் தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் டவுனில் மாடி வீட்டுக்கு வந்தோம். நான் அப்போது ஆசிரியை. பழைய சாமான் எதுவும் புது வீட்டுக்குள் வரக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். வாளிகள், விளக்கு, மங்கு நாற்பது, அம்மாவின் உளி எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். எட்டு வெள்ளி கொடுத்தார். உளியின் பிடி அம்மாவின் கைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

புது வீட்டிலும் அம்மா நாலு மணிக்கு எழுந்து அடுப்படியில் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "அந்த உளியை எங்கே வைத்தாய்?" என்று கேட்டார். பெட்டியில் இருக்கிறது என்றேன். எந்தப் பெட்டி என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார். ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது உங்கள் பூஜாங் பள்ளத்தாக்கு. போங்கள், பழைய கடாரத்தின் கோயில் எச்சங்கள் இருக்கும் அருமையான இடம். ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக்கில் இருக்கிறது. எங்கள் பீடோங்கிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளமும் பக்கத்தில் ஓடும் ஆறும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் 'பெருமைப்படும்படியான' என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லை நான் விடமாட்டேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். ராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, வென்ற ஆண்டைக் கேட்டால் 1025 என்று வகுப்பே சேர்ந்து கத்தும். உன் பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நம் சங்கங்கள் கடாரத்துக்குப் பஸ் ஏற்பாடு செய்கின்றன. அந்தப் பஸ் கடந்து போகும் தோட்டங்களைப் பற்றி ஒலிபெருக்கியில் ஒரு சொல் வராது.

2013-ல் அந்தப் பள்ளத்தாக்கில் சண்டி என்று சொல்லும் பழைய கோயில் ஒன்று மண்வாரி இயந்திரத்தால் இடிக்கப்பட்டது தெரிந்தபோது நாம் கொதித்தோம். கொதித்தது சரி, நானும் எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் வருடா வருடம் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன, பால் கொட்டகைகள் இடிந்தன, செக்ரோல் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக எரிந்தன. யாருடைய பெயர் எந்த நாளில் எத்தனை மரம் வெட்டியது என்று எழுதியிருந்த புத்தகங்கள் அவை. நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். ராஜாவின் கல்லுக்கு அழத் தெரிந்தவர்களுக்கு அம்மாவின் உளிக்கு அழத் தெரியவில்லை. நான் சொன்ன கோபம் இதுதான், தம்பி. முதலில் என்மேல்தான்.

பெருமைதான் வேண்டுமென்றால் சோழன்வரை போக வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இந்தப் பீடோங் தோட்டங்களிலிருந்துதான் தொண்டர் படை எழுந்தது. ஏ. எம். சாமி தலைமையில் பால் வெட்டுகிறவர்கள் ஒன்றுசேர்ந்து, கள்ளுக்கடையை மூடு என்று மறியல் செய்தார்கள். வாங்கிய கூலியைத் தோட்டத்துக் கள்ளுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த சனம் அது. 1947-ல் போலீசார் அவர்களை அடக்கியபோது உயிர்கள் போயின. உங்கள் மகன் இந்த ஊரை எத்தனை தடவை காரில் கடந்திருப்பான்!

பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதே இடத்துக்கு இன்னொரு முறை போங்கள். இந்தத் தடவை மனைவியும் நீங்களும் பெஞ்சில் உட்காருங்கள், அப்பா பிள்ளைகளோடு உள்ளே போகட்டும். மகனிடம் கைப்பேசி இருக்கட்டும், அதிலேயே தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உளியை எப்படிப் பிடிப்பார், எந்தக் கல்லில் தீட்டுவார், மங்கில் மழைத் தண்ணீர் விழுந்தால் என்ன செய்வார், அவர் நிரையில் எத்தனை மரம் என்று அவன் கேட்கட்டும். வீட்டில் உளி இருந்தால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். துருப்பிடித்திருந்தாலும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். சுங்கைப்பட்டாணி என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா எந்தத் தோட்டத்தில் வெட்டினார்? கேட்டு எழுதுங்கள். எங்கள் பக்கமாக இருந்தால் என் அம்மாவைத் தெரிந்தவராக இருப்பார்.

அன்புடன்,
அக்கா
பீடோங்