கழுத்து ஸ்கேன் எடுத்தாச்சு, மறுபடியும் ஏன்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 39 வயது. தோப்புகளில் இருந்து கள்ளு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறார். முடிவெட்டும் கடையில் தலைக்கு மசாஜ் செய்துவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பி நெட்டி முறித்திருக்கிறார்கள். அன்று இரவே இடது பக்கக் கழுத்திலும் தாடைக்குக் கீழும் வலி. மறுநாளே கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எலும்பில் லேசான தேய்மானம் என்று ரிப்போர்ட் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வாரம் ஆகியும் வலி போகவில்லை. இப்போது இடது கண் இமை கொஞ்சம் இறங்கியது போலத் தெரிகிறது. கோயம்புத்தூரில் காட்டினோம். ‘ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்’ என்கிறார் டாக்டர். ஒரே கழுத்துக்கு இரண்டு ஸ்கேன் எதற்கு? முதலில் எடுத்தது வீணா?

— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்த உடனேயே இதழ் அலுவலகத்தில் சொல்லி உங்களை அழைத்து, இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அச்சில் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கோவை டாக்டர் கேட்டது சரி. முதலில் எடுத்ததும் கழுத்து எம்.ஆர்.ஐ.தான்; ஆனால் அது எலும்பு, ஜவ்வு, தண்டுவடம் பார்க்க எடுத்தது. கழுத்து வலி என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் அந்தப் படங்களைத்தான் எடுப்பார்கள். ஸ்கேன் இயந்திரம் ஒன்றுதான் என்றாலும், எதைத் தேடுகிறோமோ அதற்குத் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும். ரேடியாலஜி டாக்டராக இத்தனை வருடம் வேலை பார்த்ததில் நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதைத்தான்: நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பினார்கள், இமை இறங்கியிருக்கிறது என்ற இரண்டு வார்த்தை சீட்டில் இருந்தால் ஸ்கேனே வேறு மாதிரி நடக்கும்.

கழுத்தில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் முதுகெலும்புக்குள் நுழைந்து போவது இரண்டு என நான்கு பெரிய குழாய்கள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. குழாயின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து தேங்கும். சுவர் உப்பும், ரத்தம் போகும் வழி குறுகும். அந்த இடத்தில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். 50 வயதுக்குள் வருகிற பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இமை இறங்குவது எதனால்? கண்ணுக்குப் போகும் மெல்லிய நரம்பு இழைகள் முன்பக்கக் குழாயின் சுவரை ஒட்டித்தான் மேலே ஏறுகின்றன. சுவர் உப்பினால் அவை நசுங்கும். அந்தப் பக்கக் கருமணியும் சிறுத்துவிடும்; வெளிச்சம் குறைந்த இடத்தில் இரண்டு கண்ணையும் ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும். பின்பக்கக் குழாய் என்றால் பிடரி வலி, தலைசுற்றல், வாந்தி, தள்ளாட்டம், இரண்டிரண்டாகத் தெரிவது என்று வேறு மாதிரி வரும்.

இப்போது எடுக்கச் சொல்லியிருப்பதில் மூன்று பங்கு இருக்கும். மூளையில் புதிதாக ஏதாவது அடைப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. குழாய்க்குள் ரத்தம் ஓடும் பாதையைக் காட்டும் ஆஞ்சியோ இன்னொன்று; இதைக் கையில் ஊசி போடாமலும் எடுக்கலாம். மூன்றாவதுதான் விட்டுப்போகிற சமாச்சாரம்: கழுத்தைக் குறுக்காக வெட்டினது போலக் காட்டும், டி1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படம், கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுப்பது. ஸ்கேன் அறையில் ஃபேட் சாட் என்பார்கள். குழாயைச் சுற்றி இருக்கும் கொழுப்பும் சாதாரண டி1 படத்தில் வெள்ளையாகவே விழும். அதை அடக்கினால்தான் சுவருக்குள் தேங்கிய ரத்தம் பிறை மாதிரி வெள்ளையாகத் தனித்துத் தெரியும்.

அந்தப் பிறையும் முதல் நாளே வந்துவிடாது. புதிதாகத் தேங்கிய ரத்தம் முதல் இரண்டு மூன்று நாள் சுற்றியுள்ள தசையின் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அதன் வேதியியல் மாறின பிறகுதான் வெளுக்கும், பல வாரம் அப்படியே நிற்கும். அதனால் மறுநாள் எடுத்த ஸ்கேனில் தெரியாதது ஒரு வாரம் கழித்துத் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. முதல் ஸ்கேன் வீண் இல்லை. அதன் படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, இரண்டு ஸ்கேன் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்குப் பதில் சி.டி. ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோ போதாதா என்று சிலர் கேட்பார்கள். அவசரத்தில் அதுதான் வேகம், குறுகலை நன்றாகவே காட்டும். ஆனால் அதற்கு அயோடின் மருந்து ஏற்ற வேண்டும், சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் எல்லாவற்றையும் தீர்த்துச் சொல்லிவிடாது. பின்பக்கக் குழாயைச் சுற்றியுள்ள சிரைகளே வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கழுத்துக் குழாய் கிழிந்ததாகச் சொல்லப்பட்ட 250 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான காடிஸ் என்ற மருந்து ஆய்வில், மறுபடி படங்களைப் பார்த்த நிபுணர்கள் 52 பேருக்குக் கிழிசலை உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே அனுபவமுள்ள இன்னொருவர் பார்க்கட்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கிழிசல்தான் என்று தெரிந்தாலும் கலங்க வேண்டாம். பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் வகையோ வேறு மருந்தோ மூன்று முதல் ஆறு மாதம் தருவார்கள். அதே ஆய்வில் இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பலருக்குக் குழாய் தானாகவே ஆறிவிடும். ஆறிவிட்டதா என்று பார்க்க மறுபடி ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்டுவது, கேன் தூக்குவது வேண்டாம். அந்தக் கடைக்காரரோடு சண்டைக்கும் போக வேண்டாம். பலத்த இருமலில்கூட இது நேரலாம். காரணமே தெரியாமலும் வரும். ஆனால் இனி யாரும் அவர் கழுத்தை முறிக்க விடாதீர்கள்.

இதற்கிடையில் வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று தள்ளாடினாலோ 108-ஐ அழையுங்கள். கேரள எல்லையான வாளையாறு தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அதே எண்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

— வாசகர், வேலந்தாவளம்

பதில்: இப்போது வைக்கப்படும் ஸ்டென்ட்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் எடுக்கலாம். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைக் காட்டுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அது எந்த வகை என்று தெரியாமல் உள்ளே விடமாட்டார்கள். கஞ்சிக்கோடு பக்கம் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர் என்றால் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததா என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள்.